ஒரு மூட்டை யூரியா குறைஞ்சது!

"சார், கொஞ்சம் இறங்கிடுங்க... மெஷின் 'எர்ரர்'னு காட்டுது!"

எடை பார்க்கலாம் என்று எங்கள் ஊர் லேப் ஒன்றில் ஏறி நின்றபோது, அங்கிருந்த பெண் பதறிப்போய்ச் சொன்ன வார்த்தை இது. அந்த மெஷின் 120 கிலோ வரைதான் தாங்குமாம். விடுவேனா? நேராக நண்பரின் நெல் மண்டிக்குப் போனேன். மூட்டை போடுகிற பிளாட்பாரத் தராசில் ஏறி நின்றேன். 142 கிலோ!

"அண்ணா, ஈரப்பதம் கழிக்கணுமா?" என்றான் எடை போடுகிற பையன்.

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். குண்டாக இருப்பவர்கள் சின்ன வயசிலேயே கற்றுக்கொள்கிற கலை அது. தன்னைப் பற்றிய ஜோக்குக்குத் தானே முதல் ஆளாகச் சிரித்துவிடுவது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டபோது என்ன செய்தேன் என்பது என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும்.

உத்திரமேரூரில் அடியேனுக்கு உரக்கடை. அதனால் எதையும் மூட்டைக் கணக்கில் பார்த்துத்தான் பழக்கம். யூரியா மூட்டை ஒன்றுக்கு 45 கிலோ. (முன்பெல்லாம் 50 கிலோ. 2018-ல்தான் அரசாங்கம் அதில் 5 கிலோவைக் குறைத்தது. மூட்டைக்கே ஆபரேஷன் பண்ணிவிட்டார்கள் பாருங்கள்!) ஆக, நான் மூன்று மூட்டை யூரியா, அதற்கு மேல் கொசுறாக ஏழு கிலோ. உயரமோ 168 சென்டிமீட்டர்தான். எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுத்து வருகிற பி.எம்.ஐ. கணக்கில் எனக்கு 50. நம் ஆட்களுக்கு 23-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். 25 என்றால் பருமன். நான் அதைப் போல இரண்டு மடங்கு!

இதில் தனி மனிதனாக நான் மட்டும் சாதனை படைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவிகிதம் பேருக்கு மேல், ஆண்களில் 37 சதவிகிதம் பேர் அளவுக்கு மீறிய எடையில் இருக்கிறார்கள். பட்டணத்து வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போச்சு. எங்கள் ஊரில் நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலைப் பார்த்துவிட்டு வர மொபெட். பழைய சோற்றுக்குப் பதில் காலையிலேயே பரோட்டா. உடம்பு என்ன செய்யும், பாவம்!

ஆபரேஷன் வரைக்கும் என்னைத் தள்ளிக்கொண்டு போனது அந்த எடை அல்ல, ஒரு தூக்கம். 2023 மார்ச்சில் ஒரு மத்தியானம், ஏரிக்கரை ரோட்டில் மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன். அடுத்து நினைவு வந்தபோது வயல் சேற்றில் மல்லாந்து கிடக்கிறேன், என் மேல் மொபெட். ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறேன்! நாலு பேர் கயிறு கட்டித்தான் என்னைக் கரை ஏற்றினார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எதிரே ஒரு ஸ்கூல் பிள்ளை சைக்கிளில் வந்திருந்தால்?

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து, தலையெல்லாம் ஒயரை ஒட்டி, என் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். மணிக்கு 62 தடவை எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். என் அப்பாவும் என்னைப் போலத்தான் இருந்தார். அவர் குறட்டை பக்கத்துத் தெரு வரை கேட்கும். 54 வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். "கொடுத்து வெச்ச சாவு" என்றது ஊர். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் சாவை முதல் தடவையாக வேறு விதமாக நினைத்துப் பார்த்தேன். எனக்கு அப்போது வயது 46.

சர்க்கரை ஏற்கெனவே இருந்தது. பட்டினி, பேலியோ, கொள்ளுக் கஞ்சி, கூரியரில் வந்த ஏதோ பவுடர் என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பத்து கிலோ இறங்கும், பன்னிரண்டு கிலோ ஏறும். "இனிமே ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்" என்றார் டாக்டர்.

எதற்கும் தகுதி என்று ஒன்று உண்டே! எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு உலகப் பிரசித்தம். கி.பி. 921-ல், பராந்தக சோழன் காலத்தில், குடவோலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். கணக்குக் காட்டாதவன் நிற்கவே கூடாது. அதற்குக் கொஞ்சமும் குறையாமல் என்னைச் சலித்தது இன்ஷூரன்ஸ் கம்பெனி. "இது அழகுக்காகப் பண்ற ஆபரேஷன்" என்று முதலில் என் மனுவைத் திருப்பி அனுப்பினார்கள். (142 கிலோவில் அழகுக்கு ஆசைப்படுகிறவன் என்று என்னைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்!) உண்மையில் இன்ஷூரன்ஸ் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதியிலேயே இருக்கிறது. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 35-க்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை இருந்தாலும், டாக்டர் சிபாரிசு செய்தால் இந்த ஆபரேஷனை விலக்கி வைக்க முடியாது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். ஒரு பகுதி பணம் வந்தது. மீதிக்கு சம்சாரத்தின் ஆரம் அடகுக்குப் போயிற்று. வசதி இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியையும் விசாரிக்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்திருக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் காரில் கிளம்பினோம். திருமுக்கூடல் பக்கம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, வரலாறு தெரிந்த என் மச்சான் ஒரு விஷயம் சொன்னார். அங்கே இருக்கிற பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டிலேயே பதினைந்து படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி அங்கே நடந்திருக்கிறது! வைத்தியர் ஒருவர், கத்தி வைக்கிற 'சல்லியக்கிரியை' பண்ணுகிறவர் ஒருவர், மருந்து கொண்டு வர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று எல்லாம் கணக்காக எழுதியிருக்கிறதாம். "அப்பவே ஆபரேஷனுக்குப் பயப்படாத ஊருப்பா நம்முளுது" என்றார் மச்சான். பின் சீட்டில் என் அம்மா மட்டும், "ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி எவனும் நல்லா இருக்கிற வயித்தை அறுத்துக் குப்பையில போடல" என்று முணுமுணுத்தாள்.

அம்மா சொன்னது தப்பில்லை. எனக்குச் செய்த 'ஸ்லீவ்' ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். நூறு, நூற்றைம்பது மில்லிதான் கொள்ளும். வயிற்றைக் கிழிப்பதில்லை, நாலைந்து சின்னத் துளை, உள்ளே கேமரா, நோட்டுப் புத்தகத்துக்குப் பின் அடிக்கிற மாதிரி ஒரு ஸ்டேப்ளர். இது தனி ஆபரேஷனாகப் பிறந்ததே இல்லை என்பது வேடிக்கை. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று, முதல் கட்டமாக இதை மட்டும் செய்து அனுப்பினார்கள். பார்த்தால், பல பேருக்கு இதிலேயே வேண்டிய எடை குறைந்துவிட்டது. இரண்டாம் கட்டமே தேவைப்படவில்லை! இன்னொரு வகையான 'பைபாஸ்' அதற்கு மூத்தது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் ஆரம்பித்து வைத்தது. அதில் குடலையும் திருப்பி விடுகிறார்கள். அதைச் செய்துகொண்டவர்கள் அல்வாவைக் கண்டால் ஓட வேண்டும். இனிப்பு நேராகக் குடலுக்குள் இறங்கி வேர்வை, படபடப்பு, மயக்கம் என்று ஆட்டி வைத்துவிடும்.

வெட்டி எடுத்த பகுதியில்தான் 'கிரெலின்' என்கிற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. 1999-ல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலம் பசியே தெரியாது. 46 வருஷமாக என்னை எழுப்பி, நடத்தி, ஆட்டி வைத்த பசி ஒரே ராத்திரியில் காணாமல் போனது. வீட்டில் எந்நேரமும் அலறிக்கொண்டிருந்த ரேடியோ திடீரென்று நின்றால் காது 'ஙொய்' என்று இருக்குமே, அப்படி இருந்தது.

முதல் ராத்திரி வயிறு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வலித்ததோ தோள்பட்டை! ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு அடித்து ஊதுகிறார்கள். அதில் மிச்சம் போய் உதரவிதானத்தை உறுத்தினால், வலி தோளில் தெரியுமாம். நரம்பு வழி அப்படி. "நடங்க, சரியாப் போயிடும்" என்று அன்று சாயங்காலமே கட்டிலை விட்டு இறக்கிவிட்டாள் ஒரு நர்ஸ். வயது இருபத்திரண்டு இருக்கும், எடை நாற்பது இருக்கும். "சார், என் மேல சாஞ்சுக்குங்க" என்றாள். அந்தத் தைரியத்துக்கே அவளுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நடை. மூன்று பந்து உள்ள ஒரு குழாயைக் கொடுத்து உறிஞ்சி உறிஞ்சிப் பந்தைத் தூக்கச் சொன்னார்கள். ஸ்டேப்ளர் போட்ட இடத்தில் கசிவு வந்தால்தான் பெரிய ஆபத்து. காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, தணியாத வலி வந்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடி வா என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். சர்க்கரை மாத்திரை பாதிக்கு மேல் நின்றுபோயிருந்தது. இந்த ஆபரேஷனில் எடை இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கிவிடுகிற ஆச்சரியம் உண்டு.

வீட்டுக்கு வந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும்.

சம்சாரம் ரசம் வைத்து, மெல்லிசு வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்து வந்தாள். எனக்கு அளவு, இருமல் மருந்து மூடியில் 30 மில்லி. அதையும் ஒரே மடக்காகக் குடிக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. மூன்று தடவை உறிஞ்சிவிட்டு மூடியைக் கீழே வைத்தேன். அவள் சமையற்கட்டு வாசப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே போய், மீதி ரசத்தை அப்படியே கொட்டுகிற சத்தம் கேட்டது.

இருபத்தோரு வருஷமாக அந்தக் கை எனக்கு ஆக்கிப் போட்டிருக்கிறது. ஏரி விரால் குழம்பு, மறுநாள் காலையில் சுண்டக் காய்ச்சின அதே குழம்பு, மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி... சண்டை போட்டால் வத்தக்குழம்பு, சமாதானம் என்றால் மட்டன். அதுதான் எங்களுக்குள் பாஷை. முதல் இரண்டு வாரம் தண்ணீர், மோர், பருப்புத் தண்ணி. அப்புறம் இரண்டு வாரம் குழந்தைக்கு மசிக்கிற மாதிரி மசியல். அவளும் மகளும் அதே நேரத்தில் கொஞ்சமாகச் சாதம் வடித்து, நான் பார்க்காமல் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருநாள் பெரிய சோற்றுக் குண்டானைக் கவிழ்த்துப் பரண் மேல் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "நான் உங்ககிட்ட சாப்பாட்டை வெச்சுத்தானங்க பேசிக்கினு இருந்தேன். இனிமே இன்னாத்தை வெச்சுப் பேசறது?" என்றாள். எனக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சார்ட்டில் புரதம் தினம் 60-லிருந்து 80 கிராம், இரும்புச் சத்து, கால்சியம், பி12, டி என்று எல்லாம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்து, நானே தேடிக்கொண்ட வினை. ஏழாவது வாரம் ஒரு இட்லியைக் கையில் எடுத்தேன். இருபது தடவை மெல்லச் சொல்லியிருந்தார்கள். பழக்க தோஷம், மூன்று தடவை மென்று விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது. வாயெல்லாம் எச்சில் ஊறி, வேர்த்து, எல்லாம் வெளியே வந்த பிறகுதான் உயிர் வந்தது. அதிலிருந்து தினம் வாந்தி. வீட்டில் தெரிந்தால் பயப்படுவார்கள் என்று கொல்லைப்புறம் போய் எடுத்துவிட்டு வந்துவிடுவேன். மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன், விழுங்கினால்தானே! மூன்று வாரம் கழித்துப் பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடைக்கு நடந்திருக்கிறேன்.

டாக்டர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பி1 என்கிற தயமின் சத்து உடம்பில் நிறைய சேமிப்பு இல்லை. விடாமல் வாந்தி எடுத்தால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கால் மரப்பதில் ஆரம்பித்து, கண் பார்வை இரட்டையாகி, தள்ளாடி, நினைவே குழம்பிப் போகிற அளவுக்குக் கொண்டுபோய் விடுமாம். நல்லவேளை, ஊசி போட்டதும் எனக்குச் சரியானது. "வயித்தைத்தான் வெட்டினோம், உங்க மூளையை வெட்டலையே! வாந்தின்னா போன் பண்ணணும்னு தோணாதா?" என்றார். தோன்றவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டும் தோற்றுவிட்டோம் என்கிற வெட்கம்தான் தோன்றியது.

நாலு மாதத்தில் 30 கிலோ இறங்கியது. ஊருக்கு அது போதாதா?

"இன்னாண்ணா, சக்கரை முத்திப் போச்சா?"

"கடன் தொல்லையாம்பா..."

ஒருத்தர் காதோடு காதாக, "அந்த வியாதி கிந்த வியாதி இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றார். சரக்கு தருகிற ஏஜென்ட் ஒருவர் கடனுக்கு மூட்டை இறக்க யோசித்தார். எனக்கு 18,000 ரூபாய் பாக்கி வைத்திருந்த விவசாயி வாரா வாரம் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். நான் பிழைப்பேனா, மாட்டேனா என்று தெரிந்தால்தானே அவருக்குக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்! குண்டாக இருந்தவரை 'செட்டில் ஆன ஆளு'. இளைத்தால் நோயாளி. நம் ஊர் அளவுகோல் இது.

கல்யாண வீடுகளோ கொடுமை. இலையில் இரண்டு ஸ்பூன் சாதத்தோடு எழுந்தால், "எங்க வூட்டு சாப்பாடு பிடிக்கலையா மாமா?" என்று பெண்ணைப் பெற்றவர் முகம் சுருங்குகிறது. ஒவ்வொரு பந்தியிலும் வயிற்றைத் திறந்து காட்டவா முடியும்? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பிடுகிற பக்கம் போகாமல் பரிமாறுகிற பக்கம் நின்றுகொள்வது. சாம்பார் வாளியோடு அலைகிறவனை யாரும், "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பதில்லை.

நாலாவது மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஆபரேஷனும் வேகமான எடைக் குறைப்பும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி. அதனால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இப்படிக் கொட்டும், சத்து சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும் என்றார்கள். முளைத்தது. ஏற்கெனவே வழுக்கையாக இருந்த இடத்தில் முளைக்கவில்லை, அதற்கு ஆபரேஷன் பொறுப்பில்லை! தோல் தொங்கியது. அடிவயிற்று மடிப்பில் வேர்த்து வேர்த்துப் புண். கண்ணாடியில் பார்த்தால் காற்று இறங்கின லாரி டியூப் மாதிரி ஒரு ஆள்.

ஆனால் குறட்டை நின்றது. "ராத்திரியில நீங்க மூச்சு விடறீங்களான்னு மூக்குல கை வெச்சுப் பார்த்தேன்" என்றாள் சம்சாரம். இருபத்தோரு வருஷமாகக் குறட்டைச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு, அமைதியில் தூக்கம் வரவில்லையாம்.

இனி சொல்லப்போவது, பலரும் வெளியே சொல்லாத சமாசாரம்.

எட்டாவது மாதம். எடை நூறைத் தொட்டிருந்தேன். ஊரே பாராட்ட ஆரம்பித்த நேரம். எனக்கோ எதிலும் பிடிப்பில்லை. கடையில் நஷ்டம் வந்தால், மனசு கசந்தால், முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நாலு பரோட்டா. துக்கம் அதோடு சரி. இப்போது துக்கம் அப்படியே இருக்கிறது, கரைக்க வழி இல்லை. பரோட்டாக் கடை எதிரே நின்று வாசனை பிடித்துவிட்டுத் திரும்புவேன். அப்புறம் ஐஸ்கிரீம் இருக்கிறதே என்று மூளை வேலை செய்தது. திடமான பொருள்தான் குழாயில் நிற்கும். ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்! ஸ்லீவின் ஓட்டை இது. சிலர் இந்த இடத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு ஒரு பெக்கே சுறுக்கென்று ஏறும். ஆபரேஷனான இரண்டாவது வருஷத்தில் குடிப் பிரச்னை கூடுகிறது என்று அமெரிக்காவில் 2012-ல் வந்த ஆய்வு சொல்லியிருக்கிறது.

ஒரு ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஏரிக் கலங்கல் மேல் போய் உட்கார்ந்திருந்தேன். ஏரி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சும்மா காற்று வாங்கத்தான் போனேன் என்று சம்சாரத்திடம் சொன்னேன். அது பொய்.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டேன். 2007-ல் ஒரே பத்திரிகையில் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஸ்வீடன் நாட்டு ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட குண்டர்கள், செய்துகொள்ளாதவர்களைவிட நீண்ட நாள் இருக்கிறார்கள், சாவு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்றது. அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வும் சர்க்கரை, மாரடைப்பு, புற்றுநோய்ச் சாவுகள் குறைவதைச் சொன்னது. ஆனால் விபத்து, தற்கொலை மாதிரி நோயில்லாத சாவுகள் ஆபரேஷன் ஆனவர்களிடம் 58 சதவிகிதம் அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. என்னிடம் கையெழுத்து வாங்கிய பேப்பர்களில் கசிவு, ரத்தக் கட்டு எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. இது இருந்ததாக ஞாபகம் இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் படித்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சம்பிரதாயத்துக்குப் பார்த்த மனநல டாக்டரின் நம்பர் போனில் இருந்தது. மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டேன். "உங்களுக்கு ரொம்ப நெருங்கின சிநேகிதன் ஒருத்தன் செத்துட்டான். அவன் பேரு சாப்பாடு. துக்கம் இல்லாம எப்படி இருக்கும்?" என்றார் அந்த அம்மாள். கேட்டதும் குபுக்கென்று அழுகை வந்துவிட்டது. ஆறு மாதம், மாதம் இரண்டு தடவை போனேன். கொஞ்ச காலம் மாத்திரையும் சாப்பிட்டேன். நம் பக்கத்தில் 'மனசு டாக்டர்' என்றாலே பைத்தியம் என்று நினைப்பதால் கிட்னி செக்கப் என்று சொல்லிவிட்டுப் போவேன். இப்போது எழுதியே விட்டேன், போகட்டும். சென்னைக்குப் போக முடியாதவர்கள் 14416 என்ற நம்பருக்குப் போன் செய்தால் போதும். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சம்சாரத்தையும் ஒருநாள் அழைத்து வரச் சொன்னார். இரண்டு பேரையும் உட்கார வைத்து, "கடைசியா எப்ப ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பாடு இல்லாத இடத்துக்குப் போனீங்க?" என்று கேட்டார். நாங்கள் யோசித்து யோசித்துப் பார்த்தோம். கோயில் என்றாள் அவள். அங்கேயும் புளியோதரை உண்டே!

இன்றைக்கு ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பதினைந்தாவது மாதம் 91 கிலோ வரை இறங்கினேன். ஐஸ்கிரீம் தயவில் நாலு ஏறி இப்போது 95. மண்டித் தராசில் போய் ஏறினேன். "அண்ணா, ஒரு மூட்டை யூரியா காணோமே!" என்றான் பையன். சரியாகச் சொன்னால் ஒரு மூட்டையும் இரண்டு கிலோவும். இன்னும் நான் குண்டன்தான், பி.எம்.ஐ. 33-க்கு மேல். சினிமா ஹீரோவாக யாரும் கூப்பிடவில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று. மொபெட்டில் தூங்குவதில்லை. செருப்பைக் குனிந்து போட்டுக்கொள்கிறேன். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் விடக் கூடாது, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை உண்டு. பரணிலிருந்து அந்தக் குண்டான் இறங்கவில்லை. சம்சாரம் சின்னதாக ஒரு மண்சட்டி வாங்கியிருக்கிறாள். அதில் இரண்டு துண்டு விரால் போட்டுக் குழம்பு வைக்கிறாள். நான் அரைத் துண்டு சாப்பிட அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை அவள் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை சொல்கிறாள். இவ்வளவு கதை இவளுக்குத் தெரியும் என்று இருபத்தோரு வருஷமாக எனக்குத் தெரியாது!

இதோடு முடித்திருப்பேன். போன மாதம் என் மகள் ஒன்று கேட்டாள். பிளஸ் டூ முடித்தவள். அவளுக்கு என் உடம்பு வாகு, என் அப்பாவின் உடம்பு வாகு. ஸ்கூலில் அவளுக்கு என்ன பட்டப்பெயர் என்று எனக்குத் தெரியும். எனக்கு வைத்திருந்த அதே பெயர்தான். கடைக்கு வந்து கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, நானும் அதைப் பண்ணிக்கிட்டா இன்னா?" என்றாள்.

அவளிடம் எதைச் சொல்வது? நான் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்பதையா, அந்தக் கலங்கல் ராத்திரியையா? டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு இப்போது ஆபரேஷன் பேச்சே வேண்டாம், முதலில் தைராய்டு எல்லாம் பார்ப்போம், டயட்டீஷியனிடம் ஆறு மாதம் வரட்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தி, மரத்த கால், கலங்கல் எல்லாம். திருமுக்கூடல் பாலம் வரை ஒன்றும் பேசாமல் வந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடக்கிறோம். நேற்று மதகு தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் போயேன்!"

என்னைப் பார்த்து ஒருத்தர் மெதுவாகப் போகச் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. நின்று, அவள் வந்து சேர்ந்ததும் நடந்தோம். வீட்டில் இட்லி. அவளுக்கு மூன்று, எனக்கு ஒன்றேகால்.